எண்ணால் ஆகிய எதிரொலி

மலையடிவாரத்தில் நின்று உரக்கக் கூவினால் நம் குரல் நம்மிடமே திரும்பி வருவதைச் சிறு வயதில் நாம் எல்லோரும் கேட்டு மகிழ்ந்திருக்கிறோம். பாறை நம் குரலை வாங்கிச் சிறிது நேரம் தன்னிடம் வைத்திருந்து, பிறகு திருப்பித் தருவது போலத் தோன்றும். உண்மையில் பாறை எதையும் வைத்துக்கொள்வதில்லை. ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் சென்று, மோதி, அதே வேகத்தில் மீள்கின்றது. பாறை 170 மீட்டர் தொலைவில் இருக்குமாயின், போகவும் வரவும் ஒரு வினாடி ஆகும். இந்த ஒரு வினாடியை மலையும் இன்றிப் பாறையும் இன்றி, உள்ளங்கை அளவுள்ள ஓர் அலுமினியப் பெட்டிக்குள் நாமே உண்டாக்குவது எங்ஙனம் என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள்.

மின்கிதார் வாசிப்போருக்கு இரண்டு கைகளும் கம்பிகளின் மேல் இருக்கும். வாசிக்கும்போதே ஒலியின் தன்மையை மாற்ற வேண்டுமானால், அவர்களுக்கு ஓய்வாக இருக்கும் உறுப்பு கால் ஒன்றுதான். ஆதலின், கிதாருக்கும் ஒலிபெருக்கிக்கும் இடையே தரையில் சிறு பெட்டிகளை வைத்து, அவற்றின் மேலுள்ள விசையைக் காலால் மிதித்து இயக்குவர். இவற்றைப் பெடல் என்கின்றனர். ஒரு பெடல் எதிரொலியைச் சேர்க்கும். மற்றொன்று தனிக் கிதாரைப் பல கிதார்கள் சேர்ந்து ஒலிப்பது போல ஆக்கும். வேறொன்று பெரிய மண்டபத்தின் முழக்கத்தைத் தரும். இன்னொன்று இனிய நாதத்தைக் கரகரக்கச் செய்யும். இந்தக் கடைசி வகையைக் கேட்டு என் தலைமுறையினர் முகம் சுளிப்பதுண்டு. நானும் சுளித்தவன்தான்.

பள்ளியில் பௌதிகம் கற்பித்துத் தலைமையாசிரியனாக ஓய்வு பெற்ற எனக்கு இப்பொருளில் ஈடுபாடு வந்தது என் பேரனால். அவன் தன் சேமிப்பில் ஓர் எதிரொலிப் பெடல் வாங்கினான். ஓர் ஆண்டு நிறைவதற்குள் அது ஊமையாயிற்று. வாங்கிய கடைக்கு எடுத்துச் சென்றோம். கடைக்காரர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "இதையெல்லாம் திறந்து பார்ப்பதில்லை ஐயா, புதிது வாங்கிக்கொள்ளுங்கள்" என்றார். வீட்டிற்கு வந்து நான்கு திருகாணிகளைக் கழற்றிப் பார்த்தோம். உள்ளே நடுநாயகமாக ஒரு சில்லு இருந்தது. அதன் மேல் அச்சிட்டிருந்த பெயர் சுரண்டி அழிக்கப்பட்டிருந்தது. பிறர் பார்த்து அதுபோல் செய்துவிடக் கூடாது என்று சில தயாரிப்பாளர்கள் இவ்வாறு செய்வதுண்டாம். "இதற்குள் என்னதான் நடக்கிறது, தாத்தா?" என்று பேரன் கேட்டான். எனக்கு விடை தெரியவில்லை. வாழ்நாள் எல்லாம் பிள்ளைகளைக் கேள்வி கேட்கச் சொல்லி வந்தவனுக்கு அது சற்று வெட்கமான நிலை. அன்று தொடங்கிய படிப்பின் பயனே இப்பேச்சு.

இக்கருவிகளின் வரலாற்றில் பழுதுக்கும் ஓர் இடம் உண்டு. 1961இல் வெளிவந்த 'டோன்ட் வொரி' என்ற மார்ட்டி ராபின்ஸ் பாடலை அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் ஒலிப்பதிவு செய்தபோது, பதிவு மேசையில் ஏற்பட்ட ஒரு கோளாறினால் கிரேடி மார்ட்டினின் கிதார் கரகரவென்று வெடித்து ஒலித்தது. அதை நீக்காமல் வெளியிட்டனர்; கேட்டவர்கள் விரும்பினர். ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அந்தக் கோளாறையே டிரான்சிஸ்டர்களைக் கொண்டு வேண்டுமென்று உண்டாக்கினார். 1962இல் அது மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன் என்ற பெயரில் காலால் மிதிக்கும் பெட்டியாகக் கடைக்கு வந்தது.

எதிரொலியின் கதை வேறு. ஒலியைச் சிறிது நேரம் எங்கேனும் நிறுத்தி வைக்க வேண்டுமே! முதலில் காந்த நாடாவில் வைத்தார்கள். 1959இல் வந்த எக்கோபிளெக்ஸ் என்னும் கருவியில் ஒரு முனை நாடாவில் பதியும். சற்றுத் தள்ளியுள்ள மற்றொரு முனை பதிந்ததை வாசிக்கும். நாடா அந்த இடைவெளியைக் கடக்கும் காலமே எதிரொலியின் காலம். நாடா தேயும், அழுக்கேறும், அறுந்தும் போகும். 1969இல் ஹாலந்து நாட்டு பிலிப்ஸ் ஆய்வுக்கூடத்தினர் வேறொரு வழி கண்டனர். தீப்பிடித்த வீட்டை அணைக்க வரிசையாக நின்று தண்ணீர் வாளியைக் கைமாற்றுவார்கள் அல்லவா? அதுபோல் சிறுசிறு மின்தேக்கிகளின் வரிசையில் மின்னூட்டத்தை ஒன்றிலிருந்து அடுத்ததற்குக் கைமாற்றினார்கள். அச்சில்லுக்கு வாளி வரிசை என்றே பெயர். கைமாறும்போதெல்லாம் வாளியில் சிறிது சிந்தும்; ஒலியும் சிறிது மங்கும்.

எண் சிந்துவதில்லை. இதுவே புதிய முறையின் அடிப்படை.

மின்கிதாரின் கம்பிகளுக்கு அடியில் காந்தமும், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகள் கொண்ட செப்புக் கம்பிச் சுருளும் உள்ளன. எஃகுக் கம்பி அதிரும்போது சுருளில் மின்னழுத்தம் ஏறி இறங்குகின்றது. அந்த ஏற்ற இறக்கத்தைச் சம இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொண்டால், ஒலி எண்களின் வரிசையாகிவிடும். அவ்வெண்களை மீண்டும் மின்னழுத்தமாக்கினால் ஒலி திரும்பவும் கிடைக்கும். நம் கேள்வி, வினாடிக்கு எத்தனை முறை அளப்பது என்பது. திரைப்படத்தில் வண்டிச் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தின் வேகத்திற்குப் படங்கள் போதாமையால் வரும் மயக்கம் அது. ஒலியிலும் அதே மயக்கம் உண்டு. ஓர் அதிர்வை ஐயமின்றிக் குறிக்க, அது அதிரும் எண்ணிக்கையினும் இரு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். குறைவாக அளந்தால் உயர்ந்த சுரம் வேறொரு தாழ்ந்த சுரமாக வேடமிட்டு வந்துவிடும்.

நான் கற்றுக்கொள்ள எடுத்துக்கொண்ட சில்லின் பெயர் எஃப்.வி.-1. அதை உருவாக்கியவர் கீத் பார் என்னும் அமெரிக்கர். 1970களில் எம்.எக்ஸ்.ஆர். என்ற பெடல் நிறுவனத்தையும், 1984இல் அலெசிஸ் நிறுவனத்தையும் தொடங்கியவர் அவர். செல்வம் மிக்க ஒலிப்பதிவு நிலையங்களில் மட்டும் இருந்த எண்முறை முழக்கக் கருவியை எளியோரும் வாங்கும் விலைக்குக் கொண்டுவந்தோருள் அவரும் ஒருவர். பின்னர் ஸ்பின் செமிகண்டக்டர் என்ற சிறு நிறுவனம் அமைத்து, ஒரு முழக்கக் கருவியின் உள்ளுறுப்புகள் அனைத்தையும் 28 கால்கள் கொண்ட ஒரே சில்லில் அடக்கினார். 2010இல் அவர் காலமானார். அச்சில்லில் எட்டு நிரல்கள் பிறவியிலேயே எழுதப்பட்டுள்ளன. வேறு எட்டு நிரல்களை வெளியிலுள்ள ஒரு சிறிய நினைவகச் சில்லிலிருந்து அது படித்துக்கொள்ளும். அந்த எட்டும் நம்முடையவை. எழுதும் முறை, கட்டளைகளின் பொருள், மாதிரி நிரல்கள் யாவற்றையும் அந்நிறுவனம் எல்லோரும் படிக்குமாறு வெளியிட்டது. பெயர் சுரண்டப்பட்ட சில்லைப் பார்த்த கண்ணுக்கு இது எத்தகைய ஆறுதல் என்று சொல்ல வேண்டியதில்லை.

இச்சில்லுக்குக் காலம் காட்டுவது கைக்கடிகாரத்தில் உள்ள அதே குவார்ட்ஸ் படிகம். அது வினாடிக்கு 32,768 முறை அதிரும். இது என்ன விசித்திரமான எண் என்று நினைக்க வேண்டாம். 2ஐ 15 முறை பெருக்கினால் வருவது இது. கடிகாரம் இதைப் பதினைந்து முறை பாதியாக்கி ஒரு வினாடியைப் பெறுகின்றது. நம் சில்லு ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு முறை கிதாரை அளக்கின்றது. 32,768இல் பாதி 16,384. கிதாரின் மிகத் தடித்த கம்பி வினாடிக்கு 82 முறை அதிர்வது; மெல்லிய கம்பியின் 22ஆம் கட்டில் சுமார் 1,175 முறை. அவற்றின் மேல் எழும் துணைச்சுரங்களையும் கிதார் ஒலிபெருக்கி ஐயாயிரம், ஆறாயிரத்துக்கு மேல் அவ்வளவாகக் கொடுப்பதில்லை. ஆகவே, இந்த அளவு தாராளமாகப் போதும்.

சில்லின் நினைவகத்தில் 32,768 இடங்கள் உள்ளன. வினாடிக்கு அத்தனை எண்கள் வருவதால், அது தாங்குவது சரியாக ஒரு வினாடி ஒலி. கோயில் வாசலில் நிற்கும் வரிசையை நினைத்துக்கொள்ளுங்கள். புதிய எண் முதல் இடத்தில் வந்து நிற்கின்றது. மற்றவை ஓரிடம் நகர்கின்றன. கடைசியில் நின்றது வெளியேறுகின்றது. (உண்மையில் எண்கள் நகர்வதில்லை, முதல் இடம் எது என்னும் குறிதான் நகர்கின்றது. பயன் ஒன்றே.) 16,384ஆம் இடத்தில் நிற்கும் எண், அரை வினாடிக்கு முன் வந்த எண். அதை எடுத்து இப்போதைய எண்ணோடு கூட்டி வெளியே அனுப்பினால், அரை வினாடி எதிரொலி கேட்கும். மலையும் பாறையும் ஒரு கூட்டல் கணக்காகிவிட்டன!

ஆனால் மலை ஒரு முறை மட்டும் பதில் சொல்வதில்லை. தேய்ந்து தேய்ந்து பல முறை சொல்கின்றது. அதற்கும் வழி எளிது. வரிசையிலிருந்து எடுத்த எண்ணை ஒரு பின்னத்தால் பெருக்கி, புதிதாக உள்ளே வரும் எண்ணோடு கூட்டி, மறுபடியும் வரிசையின் தொடக்கத்தில் நிறுத்திவிட வேண்டும். பின்னம் 0.5 ஆனால், எதிரொலி ஒவ்வொரு சுற்றிலும் பாதியாகிப் பத்தாவது சுற்றில் ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 0.9 ஆனால், அந்நிலைக்கு வர 66 சுற்றுகள் வேண்டும். 1ஐத் தாண்டினாலோ, எதிரொலி தேய்வதற்குப் பதில் வளரும். பெட்டி ஊளையிடத் தொடங்கும். வகுப்பில் பெருக்குத்தொடர் வரிசை நடத்தும்போது, 1க்குக் குறைந்த விகிதத்திற்கும் மிகுந்த விகிதத்திற்கும் உள்ள வேறுபாட்டை எத்தனையோ ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். அதைக் காதால் கேட்டது இப்போதுதான். பெட்டியின் மேலுள்ள ஒரு குமிழைத் திருப்புவதன் மூலம் அந்தப் பின்னத்தை மாற்றலாம். இச்சில்லுக்கு இத்தகைய குமிழ்கள் மூன்று.

இங்கே ஒரு கண்டிப்பு உண்டு. ஓர் எண் வந்து அடுத்தது வருவதற்குள் இருக்கும் காலம் ஏறத்தாழ 30 மைக்ரோ வினாடி. அதற்குள் சில்லு 128 கட்டளைகளை நிறைவேற்றும். ஒன்றுகூட அதிகம் இல்லை. நான் சொன்ன எதிரொலிக்குப் பத்துப் பன்னிரண்டு கட்டளைகள் போதும். மண்டப முழக்கத்திற்குத்தான் சிக்கனம் வேண்டும்.

மண்டபத்தில் எதிரொலி ஒரு சுவரிலிருந்து வருவதன்று. எல்லாச் சுவர்களிலிருந்தும் தூண்களிலிருந்தும் கூரையிலிருந்தும் பல்லாயிரமாக வந்து ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றது. இதைக் கணக்கினால் உண்டாக்கும் வழியை 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் மான்ஃபிரட் ஷ்ரோடர் வகுத்தார். நீளம் வேறுபட்ட பல வரிசைகளை ஒன்றன்பின் ஒன்றாகவும் பக்கம் பக்கமாகவும் அமைப்பது அவ்வழி. இதில் நீளங்களைத் தேர்வதே சூட்சுமம். ஒரு வரிசைக்கு 1,000 இடங்களும் மற்றொன்றிற்கு 1,500 இடங்களும் கொடுத்தோம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் எதிரொலிகளும் 3,000ஆவது எண்ணில், அதாவது வினாடியில் பத்தில் ஒரு பங்குக்குள், ஒன்றன்மேல் ஒன்று விழும். தொடர்ந்து அவ்வாறே விழுந்துகொண்டிருக்கும். கேட்பதற்குத் தகரக் குழாய்க்குள் பேசுவது போல இருக்கும். அவற்றை 1,009, 1,511 என்று சிறிது மாற்றிப் பாருங்கள். இரண்டும் பகா எண்கள். இவை சந்திப்பது 15,24,599ஆவது எண்ணில்; அதற்கு 46 வினாடி ஆகும். அதற்குள் எதிரொலியே அடங்கிப் போயிருக்கும். மீச்சிறு பொது மடங்கை எதற்காகப் படிக்க வேண்டும் என்று என்னிடம் கேட்ட மாணவர்கள் பலர். அவர்களுக்கு நான் சொன்ன பதில் மணிகள் சேர்ந்தடிக்கும் கணக்கோடு நின்றுவிட்டது. மண்டபத்தின் முழக்கம் இனிமையாவதும் அதனால்தான் என்று சொல்லத் தெரியாமல் போயிற்று.

பல கிதார்கள் சேர்ந்து ஒலிப்பது போன்ற விளைவு இதைவிட எளிது. வரிசையில் எந்த இடத்திலிருந்து எண்ணை எடுக்கிறோமோ, அந்த இடத்தையே மெல்ல முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். நம்மை நோக்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், விலகிச் செல்கையில் தாழ்ந்தும் கேட்கும் அன்றோ? அதேபோல் சுருதி சிறிது ஏறி இறங்கும். அசலோடு அது சேர, இருவர் வாசிப்பது போன்ற மயக்கம் பிறக்கும்.

இனி, பெட்டியைச் செய்யும் பணி. எழுதிய நிரலைக் கணினி கட்டளை எண்களாக மாற்றும். ஒவ்வொரு கட்டளைக்கும் 4 பைட். 128 கட்டளைக்கு 512. எட்டு நிரல்களுக்கு 4,096. கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் நினைவகச் சில்லு ஒன்றின் அளவும் சரியாக அதுதான். கணினியோடு இணைக்கும் மலிவான கருவியொன்றினால் அதில் எழுதிப் பெட்டியில் செருகிவிடலாம். கிதாரிலிருந்து வரும் மின்குறிகை மிக மெலிந்தது. அதை நேரே சில்லுக்குள் செலுத்தினால் உயர்சுரங்கள் மடிந்துவிடும். ஆகவே, முகப்பில் பத்து லட்சம் ஓம் தடையுள்ள ஒரு தாங்கிச் சுற்று வேண்டும். 9 வோல்ட்டை 3.3 வோல்ட்டாகக் குறைக்கும் உறுப்பும் வேண்டும்; சில்லுக்கு நேரே 9 வோல்ட் கொடுத்தால் அத்தோடு சரி. கிதாரின் அசல் ஒலியைச் சில்லின் வழியே அனுப்பாமல் தனிப்பாதையில் கொண்டுவந்து, எதிரொலியை மட்டும் முடிவில் அதனோடு கலப்பது நல்ல முறை. பற்றவைப்பதில் நாங்கள் பட்ட பாட்டை விவரிக்கப் போவதில்லை. சில்லின் கால்களுக்கு இடையே 1.27 மில்லிமீட்டர்தான், நடுங்காத கை வேண்டும். அப்பணி பேரனுடையதாயிற்று.

முதல் நாள் எதிரொலி வந்தது. நான் பெருமையோடு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேரனோ காதைப் பொத்திக்கொண்டு, "கீச்சென்று ஒரு சத்தம் ஓயாமல் வருகிறதே, தாத்தா" என்றான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. வயதாக ஆக உயர்ந்த ஒலிகள் செவிக்கு எட்டாமல் போகும் என்பதை நான் பாடமாக நடத்தியதுண்டு. என் செவியிலேயே நிரூபணம் கிடைக்கும் என்று எதிர்பார்க்கவில்லை. குறை என்னுடையதுதான். அழகாக இருக்கட்டும் என்று, சில்லின் மின்வழங்கு காலை ஒட்டி இருக்க வேண்டிய 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரைத் தள்ளி வைத்திருந்தேன். தரைக்கம்பியையும் ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடுத்துவிட்டிருந்தேன். எண்களைக் கணக்கிடும் பகுதி மின்சாரத்தை விட்டு விட்டு உறிஞ்சும் துடிப்பு, அக்கம்பி வழியே மெலிந்த கிதார்க் குறிகையில் கலந்துவிட்டது. கண்டென்சரை உரிய இடத்தில் வைத்து, தரைக்கம்பிகளைத் தனித்தனியே கொண்டுவந்து ஒரே இடத்தில் சேர்த்ததும் சத்தம் அடங்கியது. அடங்கியது என்று சொன்னவனும் அவனே.

கரகரப்பு ஒலியையும் நிரலாக எழுத முயன்றோம். அது எதிர்பார்த்தபடி அமையவில்லை. அலையின் முடியைத் திடீரென வெட்டினால் மிக உயர்ந்த துணைச்சுரங்கள் பிறக்கும். அவை 16,384ஐத் தாண்டும்போது, முன்பு கூறிய சக்கர மயக்கத்தினால் சுருதிக்கு ஒவ்வாத தாழ்ந்த ஒலிகளாக மடிந்து வரும். எண்களைப் பல மடங்கு அடர்த்தியாக்கிக் கணக்கிட்டால் இதைத் தவிர்க்கலாம். 128 கட்டளைகளுக்குள் அது கடினம். கரகரப்பை இரண்டு டிரான்சிஸ்டர்களிடம் விட்டுவிடுவதே உத்தமம் என்பது என் கருத்து.

கண்டிப்பு வேண்டாதவர்களுக்கு வேறு பலகைகள் வந்துள்ளன. 2019இல் வந்த டீன்ஸி 4.0 என்னும் மைக்ரோகண்ட்ரோலர் வினாடிக்கு 60 கோடித் துடிப்புகளில் இயங்குவது. ஒலியை வாங்கவும் கொடுக்கவும் அதற்குத் துணைப்பலகை வேண்டும். 2020இல் வெளிவந்த டெய்ஸி சீட் என்பது 48 கோடித் துடிப்பும் 64 மெகாபைட் நினைவகமும் ஒலி வாயில்களும் ஒருங்கே கொண்டது. இவற்றில் சி ப்ளஸ் ப்ளஸ் போன்ற மொழிகளில் எழுதலாம். டெய்ஸி சீடில் ஒரு வினாடிக்குப் பதில் பல நிமிட ஒலியை நிறுத்தி வைக்கலாம். டீன்ஸியின் ஒலி நிரல் தொகுப்பு எண்களை ஒவ்வொன்றாகக் கையாளாமல் 128 எண்கள் கொண்ட கட்டுகளாகக் கையாளும். அதனால் ஒரு கட்டுக்கு ஏறத்தாழ 3 ஆயிரத்தில் ஒரு பங்கு வினாடி தாமதம் உண்டாகும். ஒலிபெருக்கியிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிற்பதற்கு அது சமம், விரலுக்குத் தெரியாது. இவ்வசதிகளை நான் குறை கூறவில்லை. எனினும், முதலில் சிறிய சில்லில் பழகுவதே நன்று என்பேன். 128 வரிக்குள் எழுத வேண்டும் என்றால், ஒவ்வொரு வரியும் என்ன செய்கின்றது என்று கேட்காமல் ஒருவனால் எழுத முடியாது.

பேரன் இப்போது வேறொரு சிக்கலில் இருக்கிறான். அவன் வாசிக்கும் மெதுவான பாட்டு ஒன்றிற்கு ஒன்றேகால் வினாடி எதிரொலி வேண்டுமாம். சில்லில் இருப்பதோ ஒரு வினாடி. பெரிய பலகை வாங்கித் தரலாமா என்று யோசித்தேன். அவன் வேண்டாம் என்றான். படிகத்தை எடுத்துவிட்டு, வெளியிலிருந்து வினாடிக்கு 24,000 துடிப்பு கொடுத்தால், அதே 32,768 இடங்கள் 1.36 வினாடி தாங்கும். 24,000இல் பாதி 12,000. கிதாருக்கு அது இன்னும் போதும். ஆனால் முன்பு அரை வினாடிக்கென்று எழுதிய 16,384ஆம் இடம் இனி 0.68 வினாடி ஆகிவிடும். மண்டபமும் தானாகவே பெரிதாகிவிடும். ஆகவே, இதுவரை எழுதிய மூன்று நிரல்களையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நீளத்தையும் 24,000க்கு ஏற்பக் கணக்கிட்டு, அருகிலுள்ள பகா எண்ணைத் தேடித் திருத்திக்கொண்டிருக்கிறான்.